பலகையில் கடைசியில் இருப்பவரையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை செய்யும் இடத்தில் பாயிண்ட், பேட்ஜ், லெவல், யார் முதலில் யார் கடைசியில் என்று காட்டும் லீடர்போர்டு என்று விளையாட்டு உத்திகளைக் கொண்டுவந்து ஊழியர்களை உற்சாகப்படுத்துவது பற்றி, போன ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அதில் பேசியவர்கள் எல்லோரும் ஒன்று மேலாளர்கள், இல்லையென்றால் அந்த மென்பொருளைத் தயாரித்து விற்பவர்கள். பலகையில் யாருடைய பெயர் ஏறி இறங்குகிறதோ அவர்களில் ஒருவர்கூடப் பேசவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு கால் சென்டரில் நான்கு வருடம் ஹெட்செட் மாட்டிக் கால் எடுத்தவன். அப்புறம் ஐந்து வருடம் அதே ஃப்ளோரில் டீம் லீடர். எங்கள் டீமுக்கு லீடர்போர்டு வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டு வாங்கி, சுவரில் திரையை மாட்டச் சொல்லி, எதற்கு எத்தனை பாயிண்ட் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவனும் நான்தான். அதனால் இது வெளியே நின்று சொல்லும் குறை இல்லை.

முதலில் ஒரு விஷயம். இது ஏதோ ஸ்மார்ட்போன் காலத்து யோசனை என்பதுபோலக் கட்டுரை தொடங்குகிறது. இருநூறு வருடத்துக்கு மேல் பழையது இது. 1800-ல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையின் நிர்வாகத்தை ராபர்ட் ஓவன் என்பவர் ஏற்றுக்கொண்டார். அங்கே ஒவ்வொரு தொழிலாளி வேலை செய்யும் இடத்திலும், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு சின்ன மரக்கட்டையைத் தொங்கவிட்டார். கட்டைக்கு நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு நிறம். கறுப்பு என்றால் மோசம், நீலம் சுமார், மஞ்சள் நல்லது, வெள்ளை மிக நல்லது. முந்தைய நாள் அந்த ஆள் எப்படி நடந்துகொண்டார் என்று மேற்பார்வையாளர் முடிவுசெய்து, அந்த நிறத்தை முன்பக்கம் திருப்பி வைப்பார். வாய் திறக்காமலே கண்காணிப்பதால் மௌனக் கண்காணிப்பாளர் என்று அதற்குப் பெயர். இன்றைக்கு நம் திரைகளில் ஓடுகிற பச்சை, மஞ்சள், சிவப்புக்கெல்லாம் அந்தக் கட்டைதான் பாட்டன்.

ஓவன் கெட்டவர் இல்லை. அந்தக் காலத்து ஆலைகளில் அடியும் திட்டும்தான் சட்டம். அதற்குப் பதிலாகத்தான் கட்டையைக் கொண்டுவந்தார். தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய மனிதர். அவர் ஏற்பாட்டில் ஒரு அம்சம் இருந்தது, அதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒருவருடைய நிறம் பதிவேட்டில் ஏறுவதற்கு முன்னால், மேற்பார்வையாளர் தனக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று அவருக்குத் தோன்றினால், நேராக ஓவனிடமே போய் முறையிடலாம். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் வைத்த பலகையில் அப்படி ஒரு வாசலே இல்லை. மென்பொருள் கணக்குப் போடும், திரை காட்டும், அவ்வளவுதான். யாராவது வந்து 'இது தப்பு' என்று சொன்னால், 'சிஸ்டம் அப்படித்தான் எடுக்குது, நான் என்ன செய்ய முடியும்' என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சோவியத் ஒன்றியத்தில் 1935 ஆகஸ்ட் கடைசியில் ஸ்டகானோவ் என்ற சுரங்கத் தொழிலாளி ஒரே ஷிஃப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார் என்று கொண்டாடினார்கள். அவருக்கு விதிக்கப்பட்ட அளவைப்போல அது 14 மடங்கு. பக்கத்தில் நின்று சுரங்கக் கூரை விழாமல் மரத்தூண் நட்டுத் தாங்கியவர்கள் வேறு ஆட்கள். சாதனை ஒருவர் பெயரில் ஏறியது. நாடு முழுக்க அவர் படம், பதக்கம், கௌரவப் பலகை. அடுத்த வருடமே தொழிலாளர்களுக்கான உற்பத்தி அளவுகளை உயர்த்தினார்கள். முதலாளி இல்லாத நாட்டிலும் கதை இப்படித்தான் போயிருக்கிறது, டார்கெட் வைத்து ஓடவிட்டால் டார்கெட்டும் கூடவே ஓடும்.

இப்படி விளையாட்டாக்குவதைக் குறிக்கும் கேமிஃபிகேஷன் என்ற சொல் மட்டும் புதுசு. நிக் பெல்லிங் என்ற பிரிட்டிஷ் புரோகிராமர் 2002-ல் உருவாக்கியதாகச் சொல்வார்கள், 2010 வாக்கில்தான் எல்லோர் வாயிலும் விழுந்தது. 2012-லேயே கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம், இப்படி விளையாட்டாக்கிய செயலிகளில் 80 சதவீதம் 2014-க்குள் தங்கள் நோக்கத்தை அடையாமல் போகும், முக்கியக் காரணம் மோசமான வடிவமைப்பு என்று எச்சரித்தது. இதை உங்கள் கட்டுரை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

சரி, எங்கள் ஃப்ளோருக்கு வருகிறேன்.

எங்கள் டீமில் 38 பேர். எடுத்த கால் எத்தனை, ஒரு காலுக்குச் சராசரியாக எவ்வளவு நேரம், கஸ்டமர் கொடுத்த ரேட்டிங், வருகை, இந்த நான்கையும் சேர்த்து ஒரு ஸ்கோர். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் எதிரே தெரிகிற சுவரில் பெரிய திரை. முதல் மூன்று பெயருக்குத் தங்க நிறப் பேட்ஜ், கடைசி ஐந்து பெயர் சிவப்பில். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசை மாறும்.

முதல் மாதம் உண்மையிலேயே அருமையாக இருந்தது. சோர்ந்து கிடந்த ஃப்ளோர் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து, 'நேத்து நீ எட்டு, நான் ஆறு' என்று ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டார்கள். வரிசை மாறும் நேரத்தில் நாற்காலிகள் எல்லாம் திரையைப் பார்த்துத் திரும்பும். கால் எண்ணிக்கை ஏறியது, சராசரி நேரம் இறங்கியது. நான் அதை மேலிடத்துக்கு அறிக்கையாக அனுப்பி, கைதட்டலும் வாங்கினேன். உங்கள் கட்டுரையில் மேலாளர்கள் சொன்ன வெற்றிக் கதைகள் எல்லாம் இந்த முதல் மாதத்துக் கதைகளாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆறாவது, ஏழாவது வாரத்தில் என் காதில் சில விஷயங்கள் விழ ஆரம்பித்தன. பதிவான கால்களை வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பையன், பேச்சு நீளும் என்று தெரிந்ததும் மியூட்டில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். கஸ்டமர் 'ஹலோ ஹலோ' என்று சொல்லிப் பார்த்துத் தானாகவே வைத்துவிடுகிறார். கணக்கில் அது சீக்கிரம் முடிந்த கால். இன்னொருவர் பிரச்சினை தீராமலே 'தீர்ந்தது' என்று டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, மூடுகிறார், கஸ்டமர் மறுபடி கூப்பிடுகிறார், அது இன்னொரு கால், இன்னொரு பாயிண்ட். ரேட்டிங் கேட்கும் செய்தியைக் கோபமாகப் பேசியவர்களுக்கு அனுப்பாமல், நன்றி சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும் அனுப்புகிற வித்தை ஒன்று இருந்தது. அதை யார் கண்டுபிடித்தார்களோ, ஒரே வாரத்தில் பாதி டீமுக்குத் தெரிந்துவிட்டது.

இவர்கள் யாரும் மோசமானவர்கள் இல்லை. இரண்டு மாதம் முன்னால் இதே ஆட்கள்தான் ஒரு கஸ்டமருக்காக ஷிஃப்ட் முடிந்தும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு விளையாட்டைக் கையில் கொடுத்தோம், அதில் எப்படி ஜெயிப்பது என்று பார்த்தார்கள். அதைத்தானே செய்யச் சொன்னோம்?

பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து, பின்னால் குட்ஹார்ட் விதி என்றே பெயர் வாங்கிவிட்டது. ஒரு அளவுகோலை இலக்காக வைத்த உடனே அது நல்ல அளவுகோலாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்ததைப் பாருங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இத்தனை கணக்கு விற்க வேண்டும் என்று கிளைகளை நெருக்கினார்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளும் கார்டுகளும் திறக்கப்பட்டன. 2016-ல் வெளியே வந்தபோது 18.5 கோடி டாலர் அபராதம், அதற்குள் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 5300 பேர். 2020-ல் மேலும் 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது அந்த வங்கி. அங்கே டார்கெட்டுகள் எல்லாம் அழகாக எட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தன.

எங்கள் டீமில் ஒரு அண்ணன் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஃப்ளோரிலேயே மூத்தவர். மெதுவாகப் பேசுவார். பில் தகராறு, இரண்டு மூன்று முறை கூப்பிட்டும் தீராத புகார், கத்துகிற கஸ்டமர், இவையெல்லாம் அவரிடம்தான் போகும். 'அண்ணா, ஒரு கால் மாத்தறேன்' என்று நான்கு பக்கமிருந்தும் குரல் வரும். அவர் தலையை ஆட்டுவார், மேசையில் இருக்கும் நோட்டைப் புரட்டுவார். நீளமான கணக்கு நோட்டு அது. எந்தப் பிரச்சினைக்கு எந்தத் துறையில் யாரைப் பிடிக்க வேண்டும், எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை விட்டால் திரும்பி வரும் என்றெல்லாம் வருடக்கணக்காகக் கையால் எழுதிவைத்தது, ஓரங்கள் மடங்கிப் போயிருக்கும். இருபத்தைந்து நிமிடம், நாற்பது நிமிடம் பேசுவார். ஆனால் அவர் முடித்த கால் திரும்பி வராது.

லீடர்போர்டு வந்த நாளிலிருந்து அவர் 36, 37, 38 என்ற இடங்களை விட்டு மேலே வரவில்லை. எப்படி வருவார்? ஃப்ளோரில் இருந்த நீளமான கால் எல்லாம் அவரிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் மேலே இருந்ததற்கு ஒரு காரணம் அவர் சிவப்பில் இருந்ததுதான். இரண்டு மாதம் அந்தப் பெயரைச் சிவப்பில் தினமும் பார்த்தேன், எனக்கு உறைக்கவில்லை. திரை சொல்வதையே நானும் நம்பத் தொடங்கியிருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண், கஸ்டமரை ஹோல்டில் போட்டுவிட்டு எழுந்து நின்று, 'அண்ணா, ப்ளீஸ், இந்த ஒண்ணு மட்டும் எடுத்துக்கோங்களேன்' என்றாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெட்செட்டைக் கழற்றாமல், முடியாது என்று கையை மட்டும் அசைத்தார். அந்தப் பெண் அப்படியே நின்றாள். சுற்றி இருந்த ஏழெட்டுப் பேர் தலையைத் தூக்கிப் பார்த்தோம். அதற்கு முன் இத்தனை வருடத்தில் அவர் ஒரு காலை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

ஷிஃப்ட் முடிந்ததும் என் மேசைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. 'தம்பி, இனிமே கஷ்டமான காலை எனக்கு மாத்த வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. தினமும் உள்ளே வரும்போது என் பேரைச் சிவப்பில பார்த்துட்டுத்தான் வர்றேன். போன வாரம் என் பொண்ணு என்னை இறக்கிவிட வந்தவ, கண்ணாடி வழியா அதைப் பார்த்துட்டா. அப்பா நீங்க ஏன் கடைசியில இருக்கீங்கன்னு கேட்டா. என்னால பதில் சொல்ல முடியல.' இவ்வளவுதான் சொன்னார். குரல் உயரவே இல்லை. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மூன்று வாரத்தில் அவர் 11-ஆவது இடத்துக்கு வந்தார். அதே மூன்று வாரத்தில் ஒரே பிரச்சினைக்குத் திரும்பத் திரும்ப வருகிற கால்கள் எங்கள் டீமில் ஏறிக்கொண்டே போயின. ஒரு கஸ்டமர் ஒரே பில்லுக்காக ஒன்பது முறை, ஒன்பது வெவ்வேறு ஆட்களிடம் பேசியிருந்தார். ஒன்பது கால், ஒன்பது பாயிண்ட். திரையைப் பார்த்தால் டீம் முன்னேறியிருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் இதைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். 1971-ல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களுக்குச் சோமா என்ற கட்டைப் புதிர் ஒன்றைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு நடுவில் ஒரு நாள் மட்டும், தீர்க்கும் புதிருக்கு ஒரு டாலர் என்று காசு. அடுத்த நாள் காசு கிடையாது. இடைவேளையில் எட்டு நிமிடம் சும்மா விட்டுப் பார்த்தார். காசு வாங்கிய குழுவினர் முன்பு சும்மாவே புதிரில் செலவழித்த அளவு நேரத்தைக்கூட இப்போது செலவழிக்கவில்லை. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர் படம் வரையப் பிடித்த சின்னக் குழந்தைகளிடம் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தாங்களாக வரையும் நேரம், மற்றக் குழந்தைகளின் நேரத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. சொல்லாமல் திடீரென்று அதே சான்றிதழைக் கொடுத்த குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. 1999-ல் டெசியும் அவர் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட 128 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். செய்தால் தருவேன் என்று சொல்லிக் கொடுக்கிற பரிசு ஆர்வத்தைக் குறைக்கிறது, மனதாரச் சொல்லும் நல்ல வார்த்தை கூட்டுகிறது என்று வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மறைத்தால் நியாயமாக இருக்காது. ஏற்கெனவே சலிப்பான வேலையாக இருந்தால், பரிசு கொடுத்தாலும் அங்கே கெடுவதற்கு ஆர்வம் என்று ஒன்றும் இல்லை என்றும் அதே ஆய்வு காட்டியது. அதனால் பாயிண்ட் என்றாலே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் என் டீமில் அந்த அண்ணனுக்கு அந்த வேலை சலிப்பாக இருக்கவில்லை. சிக்கலை அவிழ்ப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. அதைத்தான் நாங்கள் சிவப்பில் போட்டுக் காட்டினோம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது விருப்பம் என்ற விஷயம். ஈதன் மோலிக், நான்சி ராத்பார்ட் என்ற இருவர் ஒரு விற்பனை நிறுவனத்தில் கூடைப்பந்தை வைத்து ஒரு விளையாட்டை உருவாக்கி ஆராய்ந்தார்கள். அந்த விளையாட்டை மனதார ஏற்றுக்கொண்டவர்களுக்கு வேலையில் உற்சாகம் கூடியது. ஏற்காதவர்களுக்கு முன்பு இருந்ததைவிடக் குறைந்தது. ஆட்டம் ஒன்றுதான், ஆபீஸும் ஒன்றுதான். யோசித்துப் பார்த்தால் சின்ன வயதிலேயே நமக்குத் தெரிந்த விஷயம்தான். 'நான் ஆட்டத்துக்கு வரலை' என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார முடிந்ததால்தான் அது விளையாட்டாக இருந்தது. என் டீமில் அந்த வார்த்தையைச் சொல்ல யாருக்கும் வழி வைக்கவில்லை நான். வேலைக்கு வந்தாலே பெயர் பலகையில்.

அமெரிக்காவின் அனாஹைமில் டிஸ்னிலேண்ட் ஹோட்டலின் சலவைப் பிரிவில் இதுவே இன்னும் கடுமையாக நடந்தது. யார் எவ்வளவு வேகமாகத் துணி மடிக்கிறார்கள் என்று பெயரோடு பெரிய திரையில் காட்டினார்கள். தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் மின்னணுச் சாட்டை. கழிப்பறைக்குப் போனால் எண் இறங்கிவிடும் என்று போகாமலே நின்று வேலை செய்தவர்களைப் பற்றி 2011-ல் பத்திரிகையில் செய்தி வந்தது. ஊபர் ஓட்டுநர்கள் செயலியை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், இன்னும் இவ்வளவு சம்பாதித்தால் இந்தத் தொகையைத் தொட்டுவிடுவீர்கள் என்று திரையில் ஒரு வரி வந்தது, அந்தத் தொகைக்கு அவர்களுடைய தேவையோடு எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. நியூயார்க் டைம்ஸ் 2017-ல் இதை விரிவாக எழுதியது. அமேசான் கிடங்குகளில் பொருள் எடுக்கும் வேகத்தை வைத்து டிராகனும் கோட்டையும் நகர்கிற விளையாட்டுகள் இருப்பதாக 2019-ல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியபோது, சேர்வதும் சேராததும் ஊழியர் விருப்பம் என்று நிறுவனம் சொன்னது. அப்படி இருந்தால் நல்லதுதான். ஆனால் வேகத்தை எப்படியும் அளந்துகொண்டிருக்கிற இடத்தில், வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

வேலை செய்கிறவர்களுக்கு விளையாட்டே பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டொனால்ட் ராய் என்ற சமூகவியலாளர் 1940-களில் சிகாகோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் மிஷின் ஓட்டினார். முப்பது வருடம் கழித்து மைக்கேல் புராவோய் என்ற இன்னொரு சமூகவியலாளர் அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார், அது அதே இடம் என்று அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேருமே பார்த்தது ஒன்று. இன்றைக்கு இந்த அளவைத் தொட முடியுமா, எதில் வேகம் காட்டலாம், எதில் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று தொழிலாளர்கள் தாங்களாகவே அதை ஒரு ஆட்டமாக்கி வைத்திருந்தார்கள். எங்கள் ஃப்ளோரிலும் அப்படி ஒன்று இருந்தது. கத்திக்கொண்டு ஆரம்பிக்கிற கஸ்டமரைச் சிரிக்கவைத்துவிட்டால் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு விரலைக் காட்டுவோம். ஷிஃப்ட் முடியும்போது யாருக்கு எத்தனை விரல் என்று சும்மா கேட்டுக்கொள்வோம். எந்தத் திரையிலும் ஏறாத ஸ்கோர். லீடர்போர்டு வந்த பிறகு அது நின்றுவிட்டது, நின்றதை நான் கவனிக்கக்கூட இல்லை, ஒரு பழைய நண்பன் சொல்லித்தான் நினைவுக்கு வந்தது.

மேலிருந்து கொண்டுவந்த விளையாட்டும் பலன் தந்திருக்கிறது. விண்டோஸ் 7 பல மொழிகளில் வெளிவரும் முன், மொழிபெயர்ப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் தன் ஊழியர்களுக்காக ஒரு விளையாட்டு நடத்தியது. 4500-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து சுமார் 5 லட்சம் திரைகளைப் பார்த்துப் பிழைகளைச் சொன்னார்கள். கவனித்தீர்களா, அது யாருடைய அன்றாட வேலையும் இல்லை. அவரவர் தாய்மொழிக்காக விரும்பி வந்தார்கள், முடிந்ததும் கலைந்தார்கள், யார் சம்பளமும் அதில் தொங்கவில்லை. புரதங்களின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் ஃபோல்டிட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் சாதாரண ஆட்கள் சேர்ந்து, விஞ்ஞானிகள் பத்து வருடத்துக்கு மேல் தடுமாறிய ஒரு வைரஸ் நொதியின் வடிவத்தை மூன்றே வாரத்தில் பிடித்தார்கள், 2011-ல். அதிலும் ஸ்கோர் உண்டு, வரிசை உண்டு. அங்கே ஸ்கோர் ஏறினால் புதிர் உண்மையிலேயே விடையை நெருங்குகிறது என்று அர்த்தம். மியூட்டில் போட்டு ஏமாற்ற அதில் வழியில்லை.

பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். அந்த அண்ணன் வந்து பேசிய மறுமாதம், திரையை எடுத்துவிடலாம் என்று மேலிடத்தில் கேட்டேன். காசு போட்டு வாங்கியது, எடுக்க முடியாது என்றார்கள். சரி என்று டீமையே உட்காரவைத்துக் கேட்டேன், இதில் என்ன காட்டலாம் என்று. ஒரு மணி நேரம் பேசினார்கள். அதற்கு முன்னால் ஒருமுறைகூட அவர்களைக் கேட்டதில்லை. எத்தனை கஸ்டமர் லைனில் காத்திருக்கிறார்கள், இன்றைக்கு முதல் காலிலேயே தீர்ந்தது எத்தனை, இந்த இரண்டு எண் மட்டும் போதும், அதுவும் டீம் முழுக்கச் சேர்த்து, என்றார்கள். ஒவ்வொருவர் ஸ்கோரும் அவரவர் கம்ப்யூட்டரில் அவரவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்றினோம், பக்கத்தில் அவருடைய போன மாத எண்ணோடு. தப்பாக ஏறியிருக்கிறது என்று தோன்றினால் அந்த வாரக் கணக்கை மூடுவதற்கு முன் என்னிடம் வந்து சொல்லலாம், பதிவைக் கேட்டுத் திருத்துவேன் என்று ஒரு வழக்கம் வைத்தேன். ஓவனிடம் கற்றுக்கொண்டது. இன்னொருவருக்கு மாற்றி விடப்பட்ட காலின் நேரத்தை எடுத்தவர் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று போராடி வாங்கினேன், அதற்கு மட்டும் நான்கு மாதம் ஆனது.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. எப்போதும் முதல் மூன்று இடத்தில் இருந்த ஒரு பெண் என்னிடம் வந்து, 'சார், இங்க நான் என்ன செய்யறேன்னு யாருமே பார்க்கறதில்ல. அந்தத் திரை ஒண்ணுதான் பார்த்துச்சு, அதையும் மாத்திட்டீங்க' என்றாள். எனக்கு அது நெஞ்சில் தைத்தது, ஏனென்றால் அவள் சொன்னதும் உண்மை. நல்லா செய்தாய் என்று நேரில் போய்ச் சொல்ல வேண்டிய நான், அந்த வேலையைத் திரையிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். பழைய மாதிரிப் போட்டி வேண்டும் என்பவர்கள் தனியாக ஆடலாம், சேர விரும்புகிறவர் மட்டும் பெயர் கொடுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஏற்பாடு செய்தோம். 38 பேரில் 9 பேர் பெயர் கொடுத்தார்கள். அந்த ஒன்பது பேரும் சந்தோஷமாகத்தான் ஆடினார்கள். முன்பு 38 பேரையும் ஆடவைத்துவிட்டு, எல்லோரும் விரும்பி ஆடுகிறார்கள் என்று நானே அறிக்கை எழுதியிருந்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கான பயிற்சியில் மட்டும் லெவல், பேட்ஜ் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டோம். அங்கே அது பொருந்துகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு நாம் எங்கே நிற்கிறோம் என்று உடனுக்குடன் தெரிய வேண்டும், தப்புப் பண்ணினால் மறுபடி ஆடிப் பார்க்க வேண்டும், தோற்றால் நஷ்டம் இருக்கக் கூடாது. அதிலும் கடைசி லெவலுக்கு அந்த அண்ணனின் நோட்டிலிருந்து எடுத்த பன்னிரண்டு சிக்கல்களை வைத்தோம். அவரே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார். கஷ்டமான கால்களை அவர் மறுபடி எடுக்க ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் கேட்கவில்லை, ஒரு நாள் காலையில் அந்தச் சின்னப் பெண் 'அண்ணா' என்றதும் கையை நீட்டி, 'போடும்மா' என்றார்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையைப் படிக்கிற மேலாளர்களில் சிலராவது இந்த வாரம் ஏதோ ஒரு லீடர்போர்டுக்கு ஆர்டர் கொடுக்கத் தயாராக இருப்பார்கள், உங்கள் கட்டுரை அவ்வளவு நன்றாக இருந்தது. அவர்களிடம் நான் கேட்பது, வாங்குவதற்கு முன்னால் டீமை ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேளுங்கள். யாரெல்லாம் வேண்டாம் என்கிறார்களோ அவர்கள் பெயரை விட்டுவிடுங்கள். அந்த எண்ணைச் சம்பளத்தோடும் வேலையை விட்டு அனுப்புவதோடும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வரப்போவதாகப் போட்டிருந்தீர்கள். அதற்கு உங்கள் நிருபர் எந்த ஆபீஸுக்குப் போனாலும், மேலாளர் அறைக்குள் போவதற்கு முன்னால் சுவரில் இருக்கிற திரையை ஒருமுறை பார்த்து, அதில் கடைசியில் இருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவரிடம் ஒரு அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள், திரையின் எதிரே வைத்து வேண்டாம், வெளியே எங்காவது வைத்து.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், முன்னாள் டீம் லீடர்